பகை கடிதல் யாரை விரட்டுது?

ஓம் சரவணபவ.

நம்ம பசங்க போன்ல கந்த சஷ்டி கவசத்துக்கு அடுத்தபடியா அதிகமா ஓடுறது பாம்பன் சுவாமிகளோட 'பகை கடிதல்'தான்னு நினைக்கிறேன். பேரே ஈர்க்குதுல்ல? பகை. கடிதல். ஆபீஸ்ல ஒருத்தர் படுத்துறார், சரி, இதைப் போட்டா ஆள் காலின்னு ஒரு நம்பிக்கை. எத்தனை நாள் படிக்கணும், காலையிலயா ராத்திரியா, அசைவம் சாப்பிடலாமான்னு கேட்கிறவங்க நிறைய பேர். இந்தப் பாட்டு யாரை விரட்டச் சொல்லுதுன்னு கேட்டவங்க ரொம்பக் குறைவு. இன்னைக்கு அதைப் பார்ப்போம்.

திருவான்மியூர் ரயில் நிலையத்துல தினமும் இறங்குறவங்களுக்கு ஒரு விஷயம். ஸ்டேஷனை ஒட்டி டைடல் பார்க். ஸ்வைப் கார்டைக் கழுத்துல மாட்டிக்கிட்டு கூட்டமா அந்தப் பக்கம் ஓடுறோம். இந்தப் பக்கம் ஊருக்குள்ள வந்தா கலாக்ஷேத்ரா சாலை. அங்கேதான் பாம்பன் சுவாமிகளோட சமாதிக் கோயில் இருக்கு. 1929 மே 30-ல சுவாமிகள் சமாதியானாங்க. 6,666 பாட்டு பாடினவர். அதுல பத்துப் பாட்டுதான் பகை கடிதல்.

ஒரு தடவை மெதுவா, அர்த்தம் பார்த்துப் படிச்சுப் பாருங்க. எதிரியைத் தேடுங்க. கிடைக்க மாட்டான். "இன்னார் அழியணும்", "இன்னார் வாய் அடைபடணும்"னு எதுவும் இல்ல. பேரைச் சொல்லிச் சங்கல்பம் பண்ண ஒரு இடம்கூட விட்டு வைக்கல. ஒவ்வொரு பாட்டும் முருகனோட அழகையும் அருளையும் அடுக்கிக்கிட்டே போகுது, கடைசியில ஒருத்தர்கிட்ட ஒரே ஒரு வேலை சொல்லுது: உன் தலைவனை என் முன்னாடி கூட்டிட்டு வா. பத்துப் பாட்டுலயும் இதே கோரிக்கைதான். கேட்கிறது முருகன்கிட்டகூட இல்ல. மயில்கிட்ட.

பகை தீரணும்னு பாடுற பாட்டுல எதுக்கு மயிலைக் கூப்பிடணும்? வேலைக் கூப்பிட்டிருக்கலாமே, அதுதானே ஆயுதம்?

மயில் யாருன்னு நமக்குத் தெரியும். மரபுல மூணு மயில் சொல்வாங்க. மந்திர மயில், இந்திரன் மயில், அசுர மயில். கச்சியப்ப சிவாச்சாரியாரோட கந்த புராணப்படி, போர்ல முருகன் ஏறி வந்த மயில் இந்திரன். தேவர்களுக்கெல்லாம் ராஜா, பயபக்தியோட வாகனமா வந்து நிக்கிறார். கடைசியில சூரன் கடல் நடுவுல மாமரமா நிக்கிறான், வேல் அவனை இரண்டாப் பிளக்குது, ஒரு பாதி மயிலாகவும் ஒரு பாதி சேவலாகவும் மறுபடி சண்டைக்கே பாயுது. முருகன் அருளோட பார்க்கிறார். அவ்வளவுதான், அடங்கிடுச்சு. அதுக்கப்புறம் செஞ்சதுதான் ஆச்சரியம். இந்திர மயிலை விட்டு இறங்கி, இந்த மயில் மேல ஏறிக்கிட்டார். தேவர் தலைவன் இருந்த இடத்தை, நேத்து வரைக்கும் கொல்ல வந்தவனுக்குக் கொடுத்துட்டார். இந்திரன் மனசுல அந்த நிமிஷம் என்ன ஓடியிருக்கும்னு நான் அடிக்கடி யோசிச்சிருக்கேன். அப்ரைசல் வாங்கினவங்களுக்குப் புரியும்.

ஆகவே பகை தீரணும்னு நீங்க தூது அனுப்புறது ஒரு பழைய எதிரியை. பாம்பன் சுவாமிகள் மயிலைக் கூப்பிட்டதுக்கு நான் எடுத்துக்கிட்ட அர்த்தம் இது. பெரியவங்க இன்னும் ஆழமா சொல்லலாம். கடியப்பட வேண்டியது பகை. பகைவன்னு அவர் தலைப்பு வைக்கல.

சுவாமிகள் வாழ்க்கையிலயும் மயில் வந்திருக்கு. 1923 டிசம்பர் 27, தம்புச் செட்டித் தெருவுல நடந்து போறப்போ குதிரை வண்டி மோதி கால் எலும்பு முறிஞ்சு போச்சு. வயசு எழுபதுக்கு மேல. ஜெனரல் ஹாஸ்பிடல்ல சேர்த்தாங்க. எலும்பு கூடுறது கஷ்டம்னு டாக்டர்கள் சொல்லிட்டாங்க. சீடர்கள் சண்முக கவசம் பாராயணம் பண்ணினாங்க. பதினோராம் நாள் ராத்திரி, 1924 ஜனவரி 6, படுக்கையில இருந்தபடியே இரண்டு மயில் ஆடுறதைச் சுவாமிகள் கண்டார்னு வரலாறு. கால் குணமாச்சு. மயூர வாகன சேவனம்னு இன்னைக்கும் திருவான்மியூர்ல மார்கழி மாசம் விழா எடுக்கிறாங்களே, அது இதுக்காகத்தான்.

இப்போ ஒரு தம்பி கதைக்கு வரேன். பேர் வேண்டாம், கம்பெனி பேரும் வேண்டாம். அடையாறுல வீடு, தரமணியில ஆபீஸ். ஏழு பேர் டீம், மூணு வருஷமா ஒரே ப்ராஜெக்ட். போன ஆடி வாக்குல வேற கம்பெனியிலிருந்து ஒருத்தர் புதுசா சேர்ந்தார். முப்பத்தி மூணு, முப்பத்தி நாலு வயசு இருக்கும். சேர்ந்த இரண்டாவது வாரமே ஆரம்பிச்சது. காலை ஸ்டாண்ட்-அப்ல தம்பி பேசிட்டிருக்கும்போதே நடுவுல புகுந்து முடிச்சு வைப்பார். தம்பி எழுதின கோடுக்கு ரிவ்யூ கமெண்ட் நாப்பது. அதுவும் தனியா இல்ல, டீம் மொத்தமும் பார்க்கிற சேனல்ல. ஒரு நாள் க்ளையண்ட் கால்லயே "இது காலேஜ் ப்ராஜெக்ட் டிசைன் மாதிரி இருக்கு"ன்னு சொல்லிட்டார்.

தம்பி என்கிட்ட கேட்டது இதுதான்: "அண்ணா, அவன் பேருக்கு சத்ரு சம்ஹார திரிசதி அர்ச்சனை பண்ணிட்டு, நாப்பத்தெட்டு நாள் பகை கடிதல் படிச்சா, அவன் ப்ராஜெக்ட்டை விட்டுப் போயிடுவானா?"

நான் சிரிக்கல. அவமானம் சின்ன விஷயம் இல்ல. மூணு வருஷமா தூக்கம் கெட்டு உருவாக்கினதை, முந்தாநாள் வந்தவர் எல்லார் முன்னாடியும் குப்பைன்னு சொன்னா வயிறு எரியத்தான் செய்யும். சாமிகிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்றது?

ஆனா ஒண்ணு கேட்டேன். "சரிடா, இந்தக் கதையில சூரன் யாரு?"

"அவன்தான்ணா. வேற யாரு?"

கந்த புராணத்துல புதுசா வந்தது யாரு, யோசிங்க. சூரபத்மன் பழைய ஆள். தவம் பண்ணி, உழைச்சு, சிவபெருமான்கிட்ட வரம் வாங்கி, 1,008 அண்டத்தையும் 108 யுகம் ஆளுற உரிமையோட வீரமகேந்திரபுரியில உட்கார்ந்திருக்கான். எல்லாம் அவன் ஏரியா. அங்கே புதுசா வந்து நிக்கிறது முருகன். சூரன் என்ன சொன்னான்? பாலன், சின்னப் பையன், இவனுக்கு என்ன தெரியும்னான். அந்த ஒரு கணக்குத்தப்புல எல்லாம் போச்சு. பிரம்மா கதையும் அப்படித்தான். படைப்புத் தொழில்ல அவ்வளவு சீனியர், வழியில நிக்கிற குழந்தையைக் கும்பிடாம போனார், பிரணவத்துக்குப் பொருள் கேட்டப்போ மாட்டிக்கிட்டார். நம்ம சாமி வர்ற கதையில எல்லாம் புதுசா வர்றவர்தான் சாமி. பழைய ஆளுக்குத்தான் பாடம்.

நீதான் சூரன்னு தம்பிகிட்ட நான் சொல்லல. புதுசா வந்தவர் முருகன்னும் சொல்லல, அவர் பண்ணின சிலது நிஜமாவே அசிங்கம். ஆனா வேஷத்தை நாமளே பிரிச்சுக் கொடுத்துட்டு அர்ச்சனைச் சீட்டு வாங்கப் போறது ஆபத்து. முருகன் வந்து பார்க்கும்போது "இதுல யாருப்பா சூரன்?"னு அவரே முடிவு பண்ணுவார்ல.

அந்த நாப்பது கமெண்ட்ல எத்தனை சரின்னு கேட்டேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "ஒரு இருபத்தஞ்சு இருக்கும்ணா"ன்னான். பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் சொன்னான்.

அடுத்து வீரபாகு. முருகன் நினைச்சா முதல் நாளே வேலை விட்டிருக்கலாம். விடல. வீரபாகுவைத் தூது அனுப்பினார். தேவர்களைச் சிறையிலிருந்து விடு. கேட்டது அது ஒண்ணுதான். அந்தத் தூதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், வீரபாகு சூரனோட சபைக்குள்ள போற காட்சி. உட்கார யாரும் இடம் கொடுக்க மாட்டாங்க, நின்னுக்கிட்டே பேசினா இறைவனோட தூதருக்கு இழுக்கு. அப்போ முருகன் அருளால ஒரு பொன் ஆசனம் தானா வந்து சேருது. அதுல உட்கார்ந்து, சூரனுக்குச் சமமாப் பார்த்துப் பேசுறார். கெஞ்சவும் இல்ல, நின்னு கத்தவும் இல்ல.

தம்பி அதுவரைக்கும் அவர்கிட்ட எப்படிப் பேசியிருக்கான்? டெஸ்க் பக்கத்துல நின்னுக்கிட்டு அரை வார்த்தை. ராத்திரி பதினோரு மணிக்குச் சேட்ல பதிலுக்குப் பதில். உட்கார்ந்து ஒரு தடவைகூடப் பேசினதில்ல. சின்ன மீட்டிங் ரூம் ஒண்ணு அரை மணி நேரம் புக் பண்ணுன்னேன். கேட்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: ரிவ்யூ கமெண்டை எனக்குத் தனியா அனுப்புங்க, டீம் சேனல்ல வேண்டாம். ஸ்டாண்ட்-அப் விஷயம், காலேஜ் ப்ராஜெக்ட் விஷயம் எல்லாத்தையும் அன்னைக்கே கொட்டாதே. வீரபாகு சூரனோட ஜாதகத்தை எடுத்துக்கிட்டுப் போகல, சிறைக்கதவைத் திறன்னுதான் போனார். கேபின் வாசல்ல சண்முக கவசத்துல உனக்கு மனப்பாடமான பாட்டைச் சொல்லிட்டு உள்ளே போ.

போனான். அவர் முதல்ல மழுப்பினாராம். அப்புறம் சொன்னாராம், பழைய கம்பெனியில லேஆஃப் வந்தப்போ, வேலையை ஒழுங்காப் பார்த்து வாயைத் திறக்காம இருந்தவங்க பேர்தான் லிஸ்ட்ல முதல்ல வந்தது, அதுல தானும் ஒருத்தர்னு. இங்கே ஆறு மாசம் ப்ரொபேஷன். எல்லாரும் பார்க்கிற இடத்துல பேசணும், இல்லைன்னா நாம இருக்கிறதே யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சிட்டிருக்கார். கமெண்டைத் தனியா அனுப்ப ஒத்துக்கிட்டார். அனுப்பவும் செய்றார். ஸ்டாண்ட்-அப்ல குறுக்கே பேசுறது மட்டும் இன்னும் நிக்கல. விஸ்வரூபம் பார்த்த சூரனுக்கே ஞானம் கொஞ்ச நேரம்தான் நின்னது, பழைய ஆணவம் திரும்பிடுச்சு. அரை மணி நேர மீட்டிங்ல இவ்வளவு நடந்ததே பெருசு.

இங்கே ஒரு விஷயத்தைக் கறாரா சொல்லணும். வீரபாகு தூது தோத்துப்போச்சு. சூரன் கேட்கல. அதுக்கப்புறம் முருகன் "பாவம், விட்டுடலாம்"னு திரும்பிப் போகல, போருக்குப் போனார். அதனால பேசிப் பார்த்தும் நிக்கலைன்னா, தேதி போட்டு, என்ன நடந்ததுன்னு எழுதி, மேனேஜருக்கு மெயில் போடுறது பக்திக்கு விரோதம் இல்ல. மறைமுகமா அடிக்கிறதும், டீ பிரேக்ல ஆள் சேர்க்கிறதும்தான் வேண்டாம்.

இன்னொண்ணு. சாதியைச் சொல்லிக் குத்துறது, உடம்பைப் பத்திப் பேசுறது, தொடுறது, ராத்திரியில தேவையில்லாத மெசேஜ் அனுப்புறது, இதுக்கெல்லாம் 'கொஞ்சம் கஷ்டமான ஆள்'னு பேர் வைக்காதீங்க. அது குற்றம். தங்கச்சிங்களுக்குத் தனியா சொல்றேன்: 2013-ல வந்த சட்டப்படி பத்துப் பேர் அல்லது அதுக்கு மேல வேலை செய்ற எந்த ஆபீஸ்லயும் பாலியல் புகாருக்கு உள் புகார்க் குழு இருந்தே ஆகணும். நடந்த மூணு மாசத்துக்குள்ள எழுத்துல கொடுங்க. நாப்பத்தெட்டு நாள் பாராயணம் முடியட்டும்னு காத்திருக்காதீங்க. புகாரும் கொடுங்க, பாராயணமும் பண்ணுங்க. முருகன் கையில வேல் சும்மா அலங்காரத்துக்கு இல்ல.

திரும்பத் தம்பி. அவன் கேட்ட கடைசிக் கேள்விதான் என்னைத் தூங்க விடல. "அண்ணா, நான் ஒழுங்கா இருந்து, பேசி, சாமி கும்பிட்டு, எல்லாம் பண்ணியும் கடைசியில அவன்தான் ஜெயிச்சான்னா? ப்ரமோஷன் அவனுக்குப் போய், என்னை ப்ராஜெக்ட்ல இருந்து தூக்கிட்டா?"

எல்லாம் நல்லபடியா முடியும்னு பொய் சொல்ல எனக்கு மனசு வரல. அருணகிரிநாதர் கதையைச் சொன்னேன். செவிவழியா வர்ற கதைதான், ஆனா திருவண்ணாமலை கோயில்ல அது நடந்த இடங்கள்னு காட்டுறதை இன்னைக்கும் பார்க்கலாம்.

பிரபுடதேவராயன் சபையில சம்பந்தாண்டான்னு ஒரு தேவி உபாசகர். ராஜாவுக்கு ரொம்ப நெருக்கம். அங்கே அருணகிரிநாதர் பேர் பரவ ஆரம்பிக்குது. பார்த்தீங்களா, இதுலயும் பழைய ஆள் சம்பந்தாண்டான், புதுசா வந்தவர் அருணகிரி. போட்டி வந்துடுச்சு: அவரவர் தெய்வத்தைச் சபை முன்னாடி வரவழைக்கணும். சம்பந்தாண்டான் கூப்பிட்டுத் தேவி வரல. தனக்குத்தான் வரல, இவனுக்கும் வரக்கூடாதுன்னு தேவியை வேண்டிக்கிறான், அம்மா பிள்ளையை மடியில பிடிச்சு வெச்சுக்கிறாள். அருணகிரி கூப்பிடுறார், முருகன் அசைய முடியல. அந்த நேரத்துல அருணகிரி, சம்பந்தாண்டான் மேல சாபம் போட்டுப் பாடல. உலகமே ஆடட்டும், மயிலோட நீயும் ஆடிக்கிட்டு வான்னு பாடினார். மயில் ஆட ஆரம்பிச்சது. அந்த அழகைப் பார்த்து அம்மா மெய்மறந்தாள், பிடி தளர்ந்தது, பிள்ளை இறங்கி ஓடி வந்து தூண்ல நின்னான். அதுதான் கம்பத்து இளையனார் சன்னதி.

கவனிச்சீங்களா, இங்கேயும் காரியத்தை முடிச்சது மயில். எதிராளியோட பிடியை யாரும் உடைக்கல. ஆட்டத்தைப் பார்த்துத் தானா தளர்ந்தது. பாம்பன் சுவாமிகள் அருணகிரிநாதரைக் குருவா மனசுல வரிச்சுக்கிட்டவர். பகை கடிதல்ல மயிலைக் கூப்பிட்டப்போ இந்தச் சபை அவர் ஞாபகத்துல இல்லாம இருந்திருக்குமா?

பல பேர் இதோட கதையை முடிச்சிடுவாங்க. கை தட்டிட்டுக் கிளம்பிடலாம். ஆனா சம்பந்தாண்டான் திருந்தலையே. ராஜாவுக்குப் பார்வை போச்சு. தேவலோகத்துப் பாரிஜாதப் பூ வந்தா சரியாகும், அதை அருணகிரியால மட்டும்தான் கொண்டு வர முடியும்னு தூண்டிவிட்டது சம்பந்தாண்டான்தான். அருணகிரி தன் உடம்பைக் கோபுரத்துல விட்டுட்டு, செத்துக் கிடந்த ஒரு கிளியோட உடம்புல புகுந்து பறந்து போனார். அவர் போன நேரத்துல சம்பந்தாண்டான் அந்த உடம்பைத் தேடி எடுத்து எரிச்சிட்டான். பூவோட திரும்பி வந்தப்போ புகுந்துக்க உடம்பு இல்ல.

இதைவிட மோசமா யாரும் யாரையும் ப்ராஜெக்ட்ல இருந்து தூக்க முடியாது.

கிளியா வந்த அருணகிரி அந்தப் பூவை ராஜாவுக்குக் கொடுத்தார். எடுத்த வேலையைப் பாதியில விடல. ராஜாவுக்குப் பார்வை வந்தது. அப்புறம் அந்தக் கிளி வடிவத்துலயே உட்கார்ந்து கந்தர் அனுபூதி பாடினார்னு சொல்வாங்க. 51 பாட்டு. எத்தனையோ பேர் தினமும் பாராயணம் பண்றாங்க, அது மந்திரம்னே பெரியவங்க சொல்வாங்க. உடம்பு போன கையோட பாடினது. அதுல சம்பந்தாண்டானைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

தம்பி ரொம்ப நேரம் எதுவும் சொல்லல. அப்புறம், "திரிசதி வேண்டாம்ணா, பகை கடிதல் மட்டும் படிக்கிறேன்"னான். சரின்னேன். அவர் பேரைச் சொல்லாம படி, சுவாமிகள் எழுதினபடியே படி. முடிஞ்சா ஒரு வியாழக்கிழமை ஆபீஸ் முடிச்சுட்டு, திருவான்மியூர் சமாதியில உட்கார்ந்து படிக்கலாம். மயிலாப்பூர் பக்கம் இருக்கிறவங்க கபாலீஸ்வரர் கோயில் சிங்காரவேலர் சன்னதிக்குப் போங்க. ஊருக்கே மயில் பேர்தான். அம்பாள் மயிலா இருந்து பூஜை பண்ணின தலம் அது. சிங்காரவேலரைப் பார்க்கும்போது முகத்தோட நிறுத்திடாம கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கி, அவர் யார் மேல உட்கார்ந்திருக்கார்னு ஒரு நிமிஷம் பாருங்க.

அடுத்த தடவை திருவண்ணாமலை கிரிவலம் போறவங்க, உள்ளே போகும்போது கிளி கோபுரத்தைத் தாண்டித்தான் போவீங்க. அண்ணாந்து பாருங்க, மேலே அந்தக் கிளி உட்கார்ந்திருக்கும்.

வேலும் மயிலும் துணை.